மேரி லாயிட் மேடையில் இறக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் லண்டனின் பழைய அரங்குகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். படங்கள் வடிவாக இருந்தன. ஆனால் அந்த அரங்குகளில் பாடிப் புகழ்பெற்ற மேரி லாயிட் பற்றி அதில் இருந்தது இரண்டே வரி. கொச்சைப் பாட்டுகள் பாடிப் பணம் சேர்த்தவர் என்று ஒரு வரி. கடைசியில் மேடையிலேயே விழுந்து இறந்தார் என்று இன்னொரு வரி. இரண்டாவது வரி பிழை. முதலாவது வரி அநியாயம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பாடகியும் இல்லை, ஆராய்ச்சி செய்தவளும் இல்லை. கிழக்கு லண்டனில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 19 வருடம் வேலை செய்து, 2019இல் ஓய்வு பெற்றவள். மேரி லாயிட் என்ற பெயரை எனக்குச் சொல்லித் தந்தவர் அங்கே நான் பார்த்துக்கொண்ட ஒரு மூதாட்டி. அவருக்கு அப்போது 91 வயது. ஹாக்ஸ்டன் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். சொந்த மகளின் பெயரே பல நாட்களில் நினைவுக்கு வராது. ஆனால் நான் படுக்கை விரிப்பை மாற்றத் தொடங்கினால் போதும், கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தபடி ஒரு பாட்டைத் தொடங்கிவிடுவார். ஒரு சொல் தவறாது. பல்லவி வரும்போது என்னையும் பாடச் சொல்லிக் கையால் சைகை காட்டுவார். எனக்குப் பாட்டு தெரியாது என்றாலும் விடமாட்டார். மூன்று மாதத்தில் எனக்கும் மனப்பாடமாகிவிட்டது.

'டோன்ட் டில்லி டாலி' என்ற அந்தப் பாட்டை இந்த நாட்டில் வளர்ந்த உங்கள் வாசகர்கள் பலர் எங்காவது கேட்டிருப்பார்கள். சார்லஸ் காலின்ஸ், ஃப்ரெட் லீ என்ற இருவர் எழுதி, 1919இல் மேரி லாயிட் பாடிப் புகழ்பெற்றது. தாளம் துள்ளலாக இருக்கும். அதனால் ஏதோ குடும்பமாக உல்லாசப் பயணம் போகிற பாட்டு என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு நாள் நினைவு தெளிவாக இருந்தபோது மூதாட்டி சொன்னார்: "அது வாடகை கொடுக்க முடியாமல் இரவோடு இரவாக வீட்டைக் காலிபண்ணுகிற பாட்டு பிள்ளை. நாங்கள் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறோம்."

அதற்குப் பிறகு நான் அந்தப் பாட்டைக் கேட்ட விதமே மாறிவிட்டது. இருட்டின பிறகு வண்டி வருகிறது. வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டால் மனைவிக்கு இடமில்லை. வண்டிக்குப் பின்னால் நடந்து வா, வழியில் மினக்கெடாதே என்று கணவன் சொல்கிறான். அவள் தன் பாடும் குருவியைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ஒரு மிடறு குடிக்க வழியில் நிற்கிறாள். வண்டி போய்விடுகிறது. புது வீடு எங்கே என்று அவளுக்குத் தெரியாது. இவ்வளவுதான் பாட்டு. அரங்கில் இருந்த ஆயிரம் பேரும் சிரித்துக்கொண்டு சேர்ந்து பாடினார்கள் என்றால், அவர்களில் பாதிப்பேருக்காவது அந்த இரவு தெரிந்திருக்கும். என் மூதாட்டியின் தாய் கேலரியில் இருந்து மேரி லாயிட்டைப் பார்த்தவராம். மேரி லாயிட்டை அடக்கம் செய்த அன்று அவர் வேலைக்குப் போகவில்லையாம். ஒரு நாள் கூலி போனால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மேரி லாயிட்டின் இயற்பெயர் மட்டில்டா ஆலிஸ் விக்டோரியா வுட். 1870 பிப்ரவரி 12ஆம் தேதி ஹாக்ஸ்டனில் பிறந்தார். தகப்பன் செயற்கைப் பூ செய்பவர், சிட்டி ரோட்டில் இருந்த ஈகிள் மதுச்சாலையில் பரிமாறுபவராகவும் வேலை பார்த்தார். தாய் துணி தைப்பவர். நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இவர்தான் மூத்தவர். தங்கைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு குழு அமைத்து, அக்கம்பக்கத்து மிஷன் மண்டபத்தில் மதுவின் தீமைகளைப் பற்றிப் பாடினார்கள். 1885இல், 15 வயதில், தனியாக மேடையேறினார். 'லாயிட்' என்பது அந்தக் காலத்தில் உழைக்கும் மக்கள் வாங்கிய லாயிட்ஸ் வாரப் பத்திரிகையின் பெயரில் இருந்து எடுத்தது என்று சொல்வார்கள். முதலில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பாட்டு, ஜார்ஜ் வேர் என்பவர் நெல்லி பவர் என்ற மூத்த பாடகிக்காக எழுதியது. மேலே கேலரியில் இருக்கும் பையனைத் தான் நேசிப்பதாக ஒரு பெண் சொல்கிற பாட்டு. கேலரி என்றால் மிகக் குறைந்த விலை இருக்கை. மேடையில் நிற்கிற அழகான பெண், கீழே நல்ல இருக்கைகளில் இருந்த கனவான்களை விட்டுவிட்டு மேலே பார்த்துப் பாடினால், அந்தக் கேலரி என்ன பாடுபட்டிருக்கும்! அந்தப் பையன்கள் கடைசி வரை அவரை விடவில்லை.

மியூசிக் ஹால் என்றால் என்ன என்பதையும் உங்கள் கட்டுரை சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். மதுச்சாலைகளின் பின்னறைகளில் பாடுவதில் இருந்து வளர்ந்த தொழில் இது. சார்லஸ் மார்ட்டன் லாம்பெத்தில் கான்டர்பரி மண்டபத்தை 1852இல் திறந்த பிறகு தனி அரங்குகள் பெருகின. மேசை போட்டு, குடித்துச் சாப்பிட்டுக்கொண்டு பார்ப்பார்கள். சேர்மன் என்று ஒருவர் சுத்தியலைத் தட்டி அடுத்தவரை அறிவிப்பார். ஒவ்வொரு கலைஞருக்கும் சில நிமிடங்கள்தான், அதற்கு 'டேர்ன்' என்று பெயர். ஒலிபெருக்கி கிடையாது. கதைத்துக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கிற கூட்டத்தை முதல் சரணத்திலேயே பிடிக்க வேண்டும், பல்லவியில் அவர்கள் வாயைத் திறக்க வைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கேலரி உடனே தெரியப்படுத்திவிடும். பெயர் பெற்றவர்கள் ஒரே இரவில் மூன்று நான்கு அரங்குகளில் பாடுவார்கள், ஒன்றில் முடித்ததும் குதிரை வண்டியில் ஏறி அடுத்ததற்கு ஓடுவார்கள். பாட்டு எழுதுபவர்கள் சொற்பத் தொகைக்குப் பாட்டை விற்றுவிடுவார்கள். அப்புறம் அது பாடகருடைய சொத்து, வேறு யாரும் தொடக்கூடாது.

இந்தத் தொழிலில் 37 வருடம் முன்வரிசையில் நின்றார் இந்தப் பெண். 1891இல் இருந்து மூன்று கிறிஸ்துமஸ் காலங்களில் ட்ரூரி லேன் அரங்கின் பாண்டமைமில் (பாட்டும் நகைச்சுவையும் கலந்த கிறிஸ்துமஸ் கால நாடகத்தில்) டான் லீனோ, லிட்டில் டிச் போன்ற பெரிய நகைச்சுவைக்காரர்களோடு நடித்தார். அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் போய்ப் பாடினார்.

இனி 'கொச்சை' விஷயத்துக்கு வருகிறேன். அவர் பாடிய வரிகளைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் குறை சொல்ல ஒரு சொல் கிடைக்காது. 1892இல் வந்த போர்ட்டர் பாட்டு, பர்மிங்ஹாம் போக ஏறிய பெண்ணை ரயில் க்ரூ வரை கொண்டுபோய்விடுகிறது, அவள் ரயில் நிலையச் சிப்பந்தியிடம் புலம்புகிறாள் என்பதுதான். மற்றது எல்லாம் அவருடைய கண்ணில் இருந்தது. ஒரு சொல்லுக்கு முன்னால் அரை நொடி நிறுத்துவார், ஒரு கண்ணைச் சிமிட்டுவார், குடையை ஒரு தட்டுத் தட்டுவார். அர்த்தத்தை நிரப்புவது கூட்டம்தான். அரங்குகளுக்கு உரிமம் கொடுக்கும் குழு ஒருமுறை அவரை அழைத்து விசாரித்தபோது, தன் பாட்டுகளை அசையாமல் நின்று பாடிக் காட்டினாராம், யாருக்கும் தவறாகப் படவில்லையாம். அப்புறம் மரியாதையான வீடுகளின் வரவேற்பறையில் பெண்கள் பாடும் ஒரு கண்ணியமான காதல் பாட்டை எடுத்து, தன் சிரிப்போடும் சிமிட்டலோடும் பாடினாராம், குழுவினர் முகம் சிவந்து போனார்களாம். இந்தக் கதையைப் பல விதமாகச் சொல்கிறார்கள், அதில் எவ்வளவு சேர்க்கை என்று தெரியாது. ஆனால் அவருடைய திறமை எங்கே இருந்தது என்பதை அந்தக் கதை சரியாகச் சொல்கிறது.

அந்தக் காலத்தில் ஒழுக்கக் காவலர்களுக்கும் குறைவில்லை. 1894இல் லாரா ஆர்மிஸ்டன் சான்ட் என்ற அம்மையார் லெஸ்டர் சதுக்கத்து எம்பயர் அரங்குக்கு எதிராக இயக்கமே நடத்தினார். அவர் குடிக்கும் பெண்களுக்கும் தெருவில் நிற்கும் பெண்களுக்கும் நல்லது செய்வதாகவே நினைத்தார், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பார்வையில் விழாத ஒன்று உண்டு. பகல் முழுவதும் தீப்பெட்டித் தொழிற்சாலையிலும் சலவைக்கூடத்திலும் நின்ற பெண், இரவில் தன்னைப் போலவே பேசுகிற ஒருத்தி விளக்கொளியில் நின்று, கணவனைப் பற்றியும் வாடகையைப் பற்றியும் தனக்குள்ள ஆசைகளைப் பற்றியும் வெட்கப்படாமல் பாடுவதைக் கேட்டாள். அதை அவளிடம் இருந்து பறிக்க யாருக்கு உரிமை?

எங்கள் இல்லத்திலும் இது நடந்தது. இப்படிப்பட்ட குடிப் பாட்டுகளை உற்சாகப்படுத்த வேண்டாம் என்று மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். மற்றவர்களின் உறவினர்கள் வரும் நேரம் அது நன்றாக இருக்காதாம். நான் கதவைச் சாத்திவிட்டுப் பாடவிட்டேன். அந்தப் பாட்டு வரும் நேரத்தில் மட்டும்தான் அந்த அம்மா தன் பெயரைச் சரியாகச் சொல்வார்.

எனக்கு மேரி லாயிட் மேல் இவ்வளவு மரியாதை வர முக்கிய காரணம் 1907. உங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை. அரங்கு முதலாளிகள் பகல் காட்சிகளைக் கூட்டினார்கள், அதற்குத் தனிச் சம்பளம் இல்லை. ஓர் அரங்கில் ஒப்பந்தமானவர் குறிப்பிட்ட காலத்துக்குப் பக்கத்து அரங்குகளில் பாடக்கூடாது என்ற விதி வேறு. ஒரே இரவில் பல இடங்களில் பாடித்தான் வயிறு நிறையும் என்றிருந்த சின்னக் கலைஞர்களுக்கு அது கழுத்தில் கயிறு. முந்தைய வருடம் உருவாகியிருந்த வெரைட்டி (மியூசிக் ஹால்) கலைஞர்களின் சங்கம் 1907 ஜனவரியில் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஹோல்பர்ன் எம்பயரில் தொடங்கி லண்டனின் மற்ற அரங்குகளுக்கும் பரவியது. வாத்தியக்காரர்களும் மேடைத் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

மேரி லாயிட்டுக்கு அதில் இறங்க எந்தத் தேவையும் இல்லை. அவர் கேட்ட சம்பளத்தைக் கொடுக்க முதலாளிகள் வரிசையில் நின்றார்கள். அவரே அதைச் சொன்னார்: எங்களைப் போன்ற நட்சத்திரங்கள் விரும்பியபடி பேரம் பேசலாம், வாரத்துக்கு 30 ஷில்லிங்கில் இருந்து 3 பவுண்ட் வரை வாங்குகிற ஏழைக் கலைஞர்களுக்காகத்தான் இந்தப் போராட்டம் என்று. சொன்னதோடு நிற்கவில்லை. மறியலில் நின்றார், நிதி திரட்டப் பாடினார். கடைசியில் ஜார்ஜ் ஆஸ்க்வித் என்பவரை நடுவராக வைத்து வழக்கைத் தீர்த்தார்கள், கலைஞர்களுக்குச் சில நியாயங்கள் கிடைத்தன.

நான் பராமரிப்பு வேலையில் இருந்தவள். ஷிஃப்ட் முடிந்த பிறகு அடுத்த ஆள் வரும் வரை அரைமணி, முக்கால் மணி நிற்பது எங்களுக்கு வழக்கம். அதற்குச் சம்பளம் இல்லை, கேட்டால் முகம் கோணும். எங்களுக்காகப் பேச, நல்ல சம்பளம் வாங்குகிற ஒருவரும் அந்த 19 வருடத்தில் வரவில்லை. அதனால் ஒரு ஜனவரிக் குளிரில் அரங்க வாசலில் நின்ற அந்தப் பணக்காரப் பாடகியை 'பணம் சேர்த்தவர்' என்று ஒரு வரியில் முடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

முதலாளிகள் அதை மறக்கவில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1912 ஜூலை 1ஆம் தேதி பேலஸ் தியேட்டரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னிலையில் மியூசிக் ஹால் கலைஞர்களின் முதல் அரச நிகழ்ச்சி நடந்தது. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவா ஆடினார். ஹாரி லாடர் பாடினார். ஆண் வேடத்தில் பாடும் வெஸ்டா டில்லி கால்சட்டையோடு வந்தபோது மேரி ராணியார் பார்வையைத் திருப்பிக்கொண்டார் என்பார்கள். அந்தத் தொழிலிலேயே மக்கள் மிக அதிகம் நேசித்த மேரி லாயிட்டுக்கு அழைப்பு இல்லை. பிறகு போர் வந்தபோது காயம்பட்ட படைவீரர்களின் மருத்துவமனைகளிலும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலும் போய்ப் பாடினார். 1919இல் ஹாரி லாடருக்கு சர் பட்டம் கிடைத்தது. லாடர் ஒரே மகனைப் போரில் இழந்தவர், படைகளுக்காக ஓயாமல் உழைத்தவர், அந்தப் பட்டம் அவருக்குத் தகும். மேரி லாயிட்டுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

வீட்டிலும் அவருக்கு நிம்மதி இல்லை. 17 வயதில் பெர்சி கோர்ட்னியைக் கல்யாணம் செய்தார், அடுத்த வருடம் ஒரு மகள். அந்த வாழ்க்கை குடியிலும் அடியிலும் முறிந்தது. இரண்டாவது கணவர் அலெக் ஹர்லியும் ஒரு பாடகர், அமைதியான மனிதர். பிறகு பெர்னார்ட் டில்லன். 1910இல் டெர்பி பந்தயத்தில் வென்ற குதிரையோட்டி, அவரைவிட வயதில் மிக இளையவர். 1913இல் இருவரும் கணவன் மனைவி என்று சொல்லி நியூயார்க் போய் இறங்கியபோது, கல்யாணமாகாதவர்கள் என்று கண்டுபிடித்து எல்லிஸ் தீவில் தடுத்து வைத்தார்கள். ஒழுக்கக்கேடு என்பது குற்றச்சாட்டு. திருப்பி அனுப்ப உத்தரவிட்டு, பிறகு நிபந்தனைகளோடு விட்டார்கள். அந்த டிசம்பரில் ஹர்லி இறந்த பிறகு, 1914இல் அமெரிக்காவிலேயே டில்லனைக் கல்யாணம் செய்தார். டில்லன் குடித்துவிட்டு அவரை அடித்தார். 1920இல் நீதிமன்றத்தின் மூலம் பிரிந்தார்கள். ஊரையே சிரிக்க வைத்துவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போன இரவுகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இனி உங்கள் கட்டுரையின் பிழை. 1922 அக்டோபர் 4ஆம் தேதி வடக்கு லண்டனில் எட்மண்டன் எம்பயரில் பாடினார். கொஞ்ச நாளாகவே உடம்பு சரியில்லை, பாட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடைசியில் எடுத்த பாட்டு, குரோம்வெல் இடித்த இடிபாடுகளைப் பார்க்கப் போய்க் குடித்துத் தள்ளாடுகிற ஒரு பெண்ணைப் பற்றியது. அவர் தள்ளாடினார். நடிப்பு என்று நினைத்து அரங்கம் அதிரச் சிரித்தது. அது நடிப்பு அல்ல. ஆனாலும் பாட்டை முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டுப் போனார். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 7ஆம் தேதி, கோல்டர்ஸ் கிரீனில் தன் வீட்டில் இறந்தார். வயது 52. இது சின்னத் திருத்தம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படியில்லை. நிற்க முடியாத நிலையிலும் தன் டேர்னை முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன ஒரு தொழிலாளியை, நீங்கள் மேடையில் விழுத்திவிட்டீர்கள்.

அடக்கத்தின் போது 50,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள் என்று குறித்திருக்கிறார்கள். கவிஞர் டி. எஸ். எலியட் அந்த ஆண்டிலேயே அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார். மற்றவர்கள் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்கள், மேரி லாயிட் அந்த மக்களின் வாழ்க்கையையே அவர்களுக்குக் காட்டினார் என்பது அவர் எழுதியதன் சாரம்.

ஓய்வு பெற்ற வருடம் நான் ஹாக்னி சென்ட்ரலில் ஓவர்கிரவுண்ட் ரயில் ஏறி வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் இறங்கி, மேரி லாயிட்டை அடக்கம் செய்த, ஃபார்ச்சூன் கிரீன் ரோட்டில் உள்ள மயானத்துக்கு நடந்து போனேன். களைத்திருந்தார், காட்டிக்கொள்ளவில்லை, வேதனையில் இருந்தார், நமக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தார் என்ற பொருளில் கல்லில் எழுதியிருக்கிறது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. மூதாட்டி சொல்லித் தந்த பல்லவியை ஒரு தடவை மெல்லமாகப் பாடினேன். அந்த மூதாட்டி இறந்து அப்போது 13 வருடம் ஆகியிருந்தது.

ஆசிரியர் அவர்களே, திருத்தத்தை வெளியிடுங்கள். முடிந்தால் மேரி லாயிட்டுக்காக ஒரு தனிப் பக்கம் ஒதுக்குங்கள். அவர் குரல் பதிந்த சில பழைய ஒலித்தட்டுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. முகம் தெரியாது, கூட்டத்தின் சத்தம் இருக்காது, ஆனாலும் அந்த அரை நொடி நிறுத்தம் காதில் விழும். 1863இல் கட்டிய ஹாக்ஸ்டன் ஹால் இன்றும் இருக்கிறது, உள்ளே போய்ப் பார்த்தால் எவ்வளவு சின்ன இடத்தில் இதெல்லாம் தொடங்கியது என்று தெரியும். 1901இல் ஃபிராங்க் மேட்சம் வடிவமைத்த ஹாக்னி எம்பயர், நடுவில் பல வருடம் பிங்கோ மண்டபமாகக் கிடந்து, இப்போது மறுபடி அரங்காக நடக்கிறது.

படம் எடுக்க ஆள் அனுப்புவதானால் ஹாக்னியில் கிரஹாம் ரோடு 55ஆம் இலக்க வீட்டுக்கும் அனுப்புங்கள். மேரி லாயிட் அங்கே வாழ்ந்தார் என்று 1977இல் பதித்த நீல வட்டப் பலகை சுவரில் இருக்கிறது. 38ஆம் இலக்க பஸ் அந்தத் தெருவால்தான் போகும். வேலைக்குப் போக வர அதிலேதான் நான் போனேன், மூதாட்டி சொல்லும் வரை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மேல்தட்டில் இருந்தால் நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்புப் பணியாளர் ஒருவர்,
ஹாக்னி, லண்டன்